கடைசி அறையிலிருந்து வந்த அழைப்பு

அந்த ஹோட்டலில் வேலை பார்த்தவர்கள் எல்லோருக்கும் அவள் அக்கா. வீட்டுக்கு அவள் பெரியவள், தம்பி சின்னவன். ஹோட்டல் முதலாளியான அவர்களுடைய அப்பாவுக்குப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கமே கிடையாது. "பெரியவளே, மாடிச் சாவி எங்க?", "சின்னவனே, தண்ணி ஏறிடுச்சா பார்" என்று படிக்கட்டின் அடியில் நின்று அவர் ஒரு குரல் விட்டால் மேல்மாடியில் தூங்குகிற விருந்தாளி எழுந்து உட்காருவார். அப்படிப்பட்ட குரல் ஒரு காலை நேரத்தில், பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே அறுந்துபோனது. பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மற்றவர்கள் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். திருப்பிச் சொல்லத்தான் வழியில்லை. 'ம்' என்ற ஒரே ஓசை மிஞ்சியது.

படியேற முடியாதவரை எங்கே வைப்பது? கீழ்த்தளத்தின் கடைசி அறையை அவருக்காக ஒதுக்கினார்கள். ஜன்னலைத் திறந்தால் துணி காயப்போடும் கொடி தெரியும். பார்த்துக்கொள்ள ஒரு அம்மாள் பகலெல்லாம் இருந்தார். அந்தச் சமயத்தில் போன்களைப் பராமரித்துவந்த பழைய மெக்கானிக் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டுப் போனார். அப்பாவின் கட்டிலருகே இருந்த போனில் எந்த எண்ணும் அழுத்த வேண்டாம். ரிசீவரைத் தூக்கினாலே போதும், வாசலில் ரிசப்ஷன் மேஜையில் மணி அடிக்கும். இடது கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு அதன்மேல் போனை வைத்தார்கள்.

அன்றிலிருந்து அப்பாவும் பெண்ணும் பேசிக்கொள்வது அந்த வழியாகத்தான். மணி அடிக்கும். எடுத்து, "சொல்லுங்கப்பா" என்பாள். அந்தப் பக்கம் மூச்சு. மூச்சு குட்டையாக வந்தால் தண்ணீர். இழுத்து வந்தால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். சும்மா ஒரே சீராக வந்துகொண்டிருந்தால் ஒன்றுமில்லை, பேச்சு கேட்க வேண்டும், அவ்வளவுதான். அவள் மேஜையில் நடப்பதையெல்லாம் சொல்வாள். "குளிக்கப் போன ஆள் பூட்டிக்கிட்டு வெளியே நிக்கிறாருப்பா, துண்டோட" என்பாள். அந்தப் பக்கம் 'ம்... ம்...' என்று குலுங்கும். அது சிரிப்பு.

விருந்தாளிகள் கூட்டமாக வந்திறங்கும் நேரத்தில் அவர் கூப்பிட்டால் ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அவர்களோடு பேசுவாள். "வாங்க, வாங்க, உட்காருங்க, இதோ சாவி." அப்பா அதைக் கேட்டுக்கொண்டே இருப்பார். முப்பது வருஷம் அந்த மேஜையில் நின்ற மனுஷன், வேலை நெருக்கடி அவருக்குத் தெரியாதா? கடைசியில் தாழ்ந்த குரலில் ஒரு 'ம்' வரும். நீ வேலையைப் பார், நான் அப்புறம் கூப்பிடுகிறேன் என்று அர்த்தம். ரிசீவரை வைத்துவிடுவார்.

இதெல்லாம் இப்படி ஓடிக்கொண்டிருக்கையில் சின்னவன்தான் போன் விஷயத்தைக் கிளப்பினான். ஹோட்டலின் நிர்வாகம் முழுக்க அவன் தலையில். அறை கேட்டு வெளியிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்குப் பாதி நேரம் லைன் கிடைப்பதில்லை. ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் அடுத்தவருக்கு 'எங்கேஜ்' ஒலிதான். அவர் அடுத்த தெரு ஹோட்டலுக்குப் போய்விடுவார்.

"எல்லாத்தையும் கிளவுடுக்கு மாத்திடலாம்கா, காலெல்லாம் இன்டர்நெட் வழியா வரும். படிக்கட்டுக்கு அடியில இருக்கிற அந்தப் பழைய இரும்பு எக்ஸ்சேஞ்ச் பெட்டியைத் தூக்கி எறிஞ்சுடலாம்."

"சரி, ரூம்ல இருக்கிற போனெல்லாம்?"

"அதையும்தான்."

பார்த்துச் சொல்ல ஒரு போன்காரர் வந்தார். கட்டிட வேலைக்காரர்களைப் போல் பென்சிலைக் காதில் செருகியிருந்த, மெதுவாகப் பேசுகிற மனிதர். சுவரைத் தட்டிப் பார்த்தார், படிக்கட்டுக்கு அடியில் குனிந்து பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"எல்லாத்தையும் மாத்தணும்னா ஒவ்வொரு ரூமுக்கும் புது ஒயர் இழுக்கணும். சுவரை உடைக்காம முடியாது. நான் ஒண்ணு சொல்லட்டா? ரூம் போனெல்லாம் இந்தப் பெட்டியிலயே இருக்கட்டும். நல்லாத்தான் உழைக்குது. வெளியில இருந்து வர்ற காலும் உங்க ரிசப்ஷன் மேஜையும் மட்டும் கிளவுடுக்குப் போகட்டும். ரெண்டையும் சேர்த்து வைக்க நடுவுல ஒரு சின்னப் பெட்டி."

"மாமியாரையும் மருமகளையும் ஒரே வீட்ல வைக்கிறீங்க" என்றாள் பெரியவள்.

"அதுக்குத்தான் நடுவுல ஒரு ஆள்" என்று சிரித்தார் அவர். "ரெண்டு பேருக்கும் நல்லவனா இருக்கணும். கஷ்டமான உத்தியோகம்தான்."

சின்னவனும் ஒத்துக்கொண்டான். சுவர் உடைக்கும் தூசிக்கு அவனும் பயந்தான்.

வேலை தொடங்குமுன் போன்காரர் கட்டிடம் முழுவதையும் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றார். பெரியவள் கூடவே போனாள். ஒவ்வொரு இடத்திலும் அவர் ஒரே கேள்வியைக் கேட்டார்: "இங்க இருக்கிற போனுக்குத் தனியா ஏதாவது ஏற்பாடு இருக்கா?" அவள் யோசித்து யோசித்துச் சொன்னாள். லிஃப்டுக்குள் இருக்கும் போனில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மேஜைக்கு வரும். சமையலறைப் போனிலிருந்து வெளியே பேச முடியாது. மாடியில் பம்பு அறையில் ஒரு போன் உண்டு, யாரும் தொடுவதில்லை, ஆனாலும் இருக்கட்டும். கீழ்த்தளத்துக்கு வந்தார்கள். கடைசி அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அப்பா தலையணையில் சாய்ந்திருந்தார். போன்காரர் வாசலில் நின்று கும்பிட்டார். அப்பா இடது கையைக் கொஞ்சம் உயர்த்தினார்.

"எங்கப்பா" என்றாள் அவள்.

"சார் நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் நடந்தார். அவளும் நடந்தாள்.

அந்த இடத்தில் அவர் தன் கேள்வியைக் கேட்டாரா, இல்லையா? கேட்டார். கும்பிட்ட கையை இறக்கியபடியே, "இந்தப் பக்கம் வேற ஏதாவது?" என்றார். அவள், "வேற ஒண்ணும் இல்லைங்க" என்றாள். பொய் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. உனக்கு என்னென்ன வேலை என்று யாராவது கேட்டால் மூச்சு விடுவதையும் சேர்த்துச் சொல்கிறோமா? அப்பாவின் போன் அவள் மனதில் போனாகவே இல்லை. அது அப்பா.

வெளியிலிருந்து கூப்பிடுகிறவர்களை வரவேற்க ஒரு குரல் பதிவு செய்ய வேண்டும் என்றார் போன்காரர். சின்னவன் காசு கொடுத்து ஆள் வைக்கலாம் என்றான். "எதுக்கு? அக்கா குரல் இருக்கே. இந்த வாசலுக்கு வர்றவங்க அதைத்தானே கேக்கப் போறாங்க" என்றார் அவர். சத்தம் இல்லாத இடமாகத் தேடி, படுக்கை விரிப்புகள் அடுக்கிய அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பதிவு செய்தார்கள். முதல் தடவை வார்த்தை மாறிப்போனது. அடுத்த தடவை சிரித்துவிட்டாள். பிறகு சரியாக வந்தது: "வணக்கம், வாங்க. உங்க அழைப்புக்கு நன்றி. அறை வேணும்னா ஒன்றை அழுத்துங்க. மேஜையில பேசணும்னா இரண்டை அழுத்துங்க. கொஞ்சம் காத்திருங்க, இதோ வந்துடறோம்."

அப்பாவிடம் ஓடிப்போய்ப் போட்டுக் காட்ட நினைத்தாள். அதற்குள் யாரோ சாவி கேட்டார்கள். மறந்துபோனது.

மாற்றும் நாளை, பழைய விருந்தாளிகள் போய்ப் புதியவர்கள் வராத முற்பகலாகப் பார்த்து வைத்தார்கள். மேஜையிலிருந்த பழைய போனைக் கழற்றிவிட்டு, திரை வைத்த புதிய போனை வைத்தார் போன்காரர். லிஃப்டிலிருந்து கூப்பிட்டார்கள், வந்தது. சமையலறை, பம்பு அறை, மாடியறைகள் எல்லாம் வந்தன. வெளியிலிருந்து சின்னவன் தன் கைபேசியில் கூப்பிட்டான், அக்காவின் குரலைக் கேட்டுவிட்டு, "ஐயோ, இது யாரு, இவ்ளோ மரியாதையா பேசறது?" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். போன்காரர் பைகளைக் கட்டிக்கொண்டு, ஏதாவது என்றால் கூப்பிடுங்கள் என்று சொல்லிக் கிளம்பினார்.

அதன்பின் அழைப்புகள் வந்த வேகம்! ஒன்று முடிந்ததும் அடுத்தது திரையில் வரிசை கட்டி நின்றது. ஒருவர்கூட நழுவவில்லை. சின்னவன் திரையை எட்டிப் பார்த்துப் பார்த்துப் பூரித்தான். இடையில் ஒரு தடவை பெரியவளுக்கு அப்பா நினைவு வந்தது. இன்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லையே. வேலை நடப்பது அவருக்குத் தெரியும், தொந்தரவு செய்ய வேண்டாம் என்றிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். மனதுக்குள் நன்றிகூடச் சொன்னாள்.

பார்த்துக்கொள்கிற அம்மாள் வழக்கம்போல் அப்பாவின் துணிகளை அலசப் பின்பக்கம் போயிருந்தார். ஏதாவது வேண்டுமென்றால் முதலாளி போனை எடுப்பார், அக்கா வந்துவிடுவாள், அதுதானே ஏற்பாடு. துணிகளைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பியவர், ஈரக் கையோடு வராந்தா முழுக்க ஓடிவந்தார்.

"அக்கா! முதலாளி... வாங்கக்கா!"

திரையில் ஓர் அழைப்பு காத்திருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

அப்பா கட்டிலின் இடது ஓரத்துக்குச் சரிந்திருந்தார். ரிசீவர் அவர் கையில் இருந்தது. விரல்கள் அதைச் சுற்றி மூடியிருந்தன. அவள் அதைப் பிடுங்கிக் காதில் வைத்துப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அது தோன்றவும் இல்லை. "அப்பா, அப்பா" என்று கன்னத்தைத் தட்டினாள். கன்னம் இன்னும் சூடாக இருந்தது.

பக்கத்துத் தெரு டாக்டர் வந்தார். இதயம் நின்றுவிட்டது என்றார். "முன்னாடியே பார்த்திருந்தா?" என்று சின்னவன் கேட்டான். டாக்டர் கழுத்திலிருந்த கருவியைச் சுருட்டிப் பையில் வைத்தார். "பிழைச்சிருப்பார்னும் சொல்ல முடியாது, மாட்டார்னும் சொல்ல முடியாதுப்பா" என்றார்.

ரிசீவர் கையில் ஏன் இருந்தது என்ற கேள்வி, அழுகையும் ஆட்களும் அடங்கிய பிறகுதான் பெரியவளைப் பிடித்தது. கூப்பிட்டிருந்தால் மணி அடித்திருக்குமே? கடைசி அறைக்குப் போனாள். ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்தாள்.

"வணக்கம், வாங்க. உங்க அழைப்புக்கு நன்றி" என்றது அவளுடைய குரல்.

ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் போன்காரர் வந்தார். அவள்தான் வரச் சொல்லியிருந்தாள். படிக்கட்டுக்கு அடியில் வெகு நேரம் குனிந்திருந்துவிட்டு எழுந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. அக்காளையும் தம்பியையும் நேராகப் பார்த்துச் சொன்னார்.

"அந்த போனைத் தூக்கினா ரிசப்ஷனோட பழைய நம்பருக்குப் போகணும்னு பெட்டிக்குள்ள ஒரு தனி ஏற்பாடு இருந்திருக்கு. அந்த நம்பரை நாம எடுத்துட்டோம். இல்லாத நம்பருக்குப் போற காலெல்லாம் வரவேற்புக் குரலுக்குப் போகட்டும்னு நான்தான் வச்சேன். வெளியாளுங்களை மனசுல வச்சுக்கிட்டு."

சின்னவன் அவர் சட்டையைப் பிடித்துவிட்டான். "எங்கப்பாவை ஒரு மெஷின்கிட்ட கெஞ்ச விட்டுட்டியேய்யா! வாய் பேச முடியாத மனுஷன்! ஒண்ணை அழுத்து, ரெண்டை அழுத்துன்னு..."

"விடுடா" என்றாள் பெரியவள். "அவர் கேட்டார்."

"என்ன கேட்டார்?"

"அப்பா ரூம் வாசல்ல நின்னு கேட்டார், வேற ஏதாவது இருக்கான்னு. ஒண்ணும் இல்லைன்னு நான்தான் சொன்னேன்."

சின்னவனின் கை சட்டையிலிருந்து தானாக நழுவியது. அக்காவைப் பார்த்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. திரும்பி வெளியே போனான்.

போன்காரர் போகவில்லை. கசங்கிய சட்டையைச் சரிசெய்யக்கூட இல்லாமல் நின்றார். "இன்னொண்ணு இருக்குங்க" என்றார். "கிளவுடுக்கு வர்ற காலெல்லாம் தானாப் பதிவாகும். அப்பாவோட காலும் இருக்கு. ஒண்ணு இல்லை, சிலது. நான் கேக்கலை. கேக்க எனக்கு உரிமை இல்லை. அழிக்கச் சொன்னா இப்பவே அழிச்சுடறேன்."

"அழிக்காதீங்க" என்றாள்.

அன்று மாலை, மேஜையில் யாரும் இல்லாத வேளையில், ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள். பயந்துகொண்டுதான் கேட்டாள். அப்பா அலறியிருப்பார், திணறியிருப்பார் என்று நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டிருந்தாள்.

முதல் அழைப்பில் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. அதன்மேல் அவளுடைய குரல்: வணக்கம், வாங்க. மூச்சு சற்று நின்றது. கேட்கிறார். குரல் தொடர்ந்தது: கொஞ்சம் காத்திருங்க, இதோ வந்துடறோம். பிறகு, தாழ்ந்து, பொறுமையாக, ஒரு 'ம்'. ரிசீவரை வைக்கும் சத்தம்.

அவளுக்கு உடனே புரிந்தது. விருந்தாளிகளோடு பேசிக்கொண்டிருக்கிறாள் பெண், கூட்டம் போலிருக்கிறது, அப்புறம் கூப்பிடுவோம் என்று அப்பா வைத்துவிட்டார்.

அடுத்த அழைப்பிலும் அதேதான். மூச்சு இன்னும் மோசமாக இருந்தது. இருந்தும் அவள் குரல் முடியும்வரை காத்திருந்தார். மறுபடியும் 'ம்'. நீ வேலையைப் பார்.

கடைசி அழைப்பில் அவர் வைக்கவில்லை. அவளுடைய குரல் வரவேற்றது, நன்றி சொன்னது, காத்திருக்கச் சொன்னது, மறுபடியும் முதலிலிருந்து வரவேற்றது. நடுநடுவே மூச்சு. பிறகு குரல் மட்டும்.

போன்காரர் சில நாள் கழித்து வந்து எல்லாவற்றையும் மாற்றினார். கட்டிடத்துக்குள்ளிருந்து எந்த அழைப்பு வழி தவறினாலும் மேஜையில் மணி அடித்துக்கொண்டே இருக்கும், ஒரு ஆள் எடுக்கும் வரை. வரவேற்புக்கு வேறு யாருடைய குரலோ வந்தது. அவர் போகும்போது கும்பிட்டார்; அவளும் கும்பிட்டாள். மன்னித்துவிடுங்கள் என்று இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் யார் யாரிடம் சொல்வது?

சின்னவன் பேச்சை நிறுத்திவிட்டான். வேலைக்கு வேண்டியதை மட்டும் மற்றவர்களிடம் சொல்லி அனுப்புவான். "மாடித் தண்ணி வரலைன்னு அக்காகிட்ட சொல்லு" என்று அவள் காதுபடச் சொல்வான். சாப்பாட்டு மேஜையில் தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவான். அவன் கோபம் நியாயம் என்று அவள் எண்ணினாள். ஆனால் கோபம் மட்டும் இல்லை என்பதும் தெரிந்தது. கிளவுட், கிளவுட் என்று குதித்தவன் அவன்தான். அன்று முற்பகல் அவன் அப்பா அறைப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அதை யாரும் சொல்லிக் காட்டவில்லை. அவனே தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒரு பிற்பகலில் மேஜைக்கு வந்து நின்றான். தாடி வளர்ந்திருந்தது. எதையோ தேடுவதுபோல் சாவிப் பலகையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"போன்காரர் சொன்னார். அதை வச்சிருக்கியா?"

எதை என்று அவள் கேட்கவில்லை. "இருக்கு."

"ரொம்பக் கஷ்டப்பட்டாராக்கா?"

"மூச்சு கஷ்டமாத்தான் இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்." அவளும் சாவிப் பலகையைப் பார்த்தாள். "ஆனா கோபமா இல்லடா. நான் வேலையா இருக்கேன்னு நினைச்சுக்கிட்டு வச்சுட்டார். ரெண்டு தடவை எனக்கு வழி விட்டுட்டார்."

சின்னவன் அவள் பக்கம் திரும்பினான். "நான் கேக்கறேன்" என்றான்.

அவள் எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். காதில் மாட்டிவிட்டாள், சின்ன வயதில் தொப்பி மாட்டிவிட்டதுபோல. பொத்தானை அழுத்திவிட்டுத் தள்ளி நின்றாள். முகத்தைப் பார்க்க மனசு வரவில்லை. வாசலில் ஒரு கணவனும் மனைவியும் பெட்டிகளோடு வந்து நின்றார்கள். நல்லதாகப் போயிற்று என்று அவர்களிடம் போனாள். விவரங்களைக் கேட்டாள், சாவியை எடுத்துக் கொடுத்தாள், லிஃப்ட் இடது பக்கம் என்றாள்.

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. சின்னவன் மேஜைமேல் கவிழ்ந்திருந்தான். முதுகு குலுங்கியது. அழுகைச் சத்தத்தை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அது வராந்தாவில் பரவியது. பெரியவள் அவனிடம் போய், முதுகில் கை வைத்தாள். அவன் அந்தக் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான்.

சாவியோடு நின்ற அந்தப் பெண்மணி தயங்கித் தயங்கிக் கேட்டார். "என்னங்க ஆச்சு? தம்பிக்கு உடம்பு முடியலையா?"

"எங்கப்பா செத்துட்டாருங்க" என்றாள் பெரியவள்.

இத்தனை நாளும் வந்தவர்களிடமெல்லாம் சின்னவன்தான் அதைச் சொல்லியிருந்தான். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்ததும் மறு கையால் மேஜை விளிம்பைப் பற்றிக்கொண்டாள். அந்தப் பெண்மணி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, மேஜையைச் சுற்றி உள்ளே வந்து அவளைப் பிடித்துக்கொண்டார்.